கதிர்வீச்சு வேலை செய்தவரின் கணக்கு யார் கையில்?

ஆசிரியர் அவர்களுக்கு,

நம் இலங்கையில் அணுமின் நிலையம் அமைப்பது பற்றிய செய்திகள் அண்மைக் காலமாக உங்கள் பத்திரிகையில் வந்துகொண்டிருக்கின்றன. 2022இல் சர்வதேச அணுசக்தி முகமையின் நிபுணர் குழு வந்து நாட்டின் ஆயத்தத்தைப் பார்த்துவிட்டுப் போனதும் நினைவிருக்கிறது. மின்சாரம் எவ்வளவு வரும், செலவு எவ்வளவு, கழிவை எங்கே போடுவது என்றெல்லாம் எழுதுகிறார்கள். அங்கே வேலைக்குப் போகிற பிள்ளைக்கு இருபது வருடம் கழித்து நோய் வந்தால் யார் பதில் சொல்வது என்று ஒருவரும் எழுதக் காணோம். அதைப் பற்றி எழுத எனக்குக் காரணம் இருக்கிறது. கடிதம் நீண்டுவிட்டது. முடிந்தால் வெட்டாமல் போடுங்கள்.

என் கணவர் 1984 முதல் 1993 வரை வளைகுடா நாடொன்றில் எண்ணெய்க் குழாய் வேலைத்தளங்களில் இருந்தவர். ஊரில் அவரை ‘எக்ஸ்றே வேலைக்காரர்’ என்பார்கள். ஆஸ்பத்திரி எக்ஸ்றே என்றுதான் பலர் நினைத்தார்கள். அவர் செய்தது இரும்புக் குழாய்களை வெல்டிங் பண்ணிய இடத்தில் உள்ளே வெடிப்பு இருக்கிறதா என்று கதிர்வீச்சால் படம் பிடிக்கிற வேலை. இரிடியம் 192 என்ற பொருளின் சிறு துண்டொன்று கம்பியின் நுனியில் பொருத்தப்பட்டு, பாரமான ஒரு பெட்டிக்குள் இருக்கும். பெட்டிக்குப் பெயர் ‘கமரா’. அந்தத் துண்டுக்குப் பெயர் ‘சோஸ்’. மற்ற ஆட்கள் இல்லாத இரவு நேரத்தில், தூரத்தில் நின்று கைபிடியைச் சுற்றினால் சோஸ் ஒரு குழாய் வழியாக வெளியே போய் வெல்டிங்குக்குப் பக்கத்தில் நிற்கும். மறுபக்கத்தில் கட்டிய பிலிமில் படம் விழும். முடிந்ததும் சுற்றி உள்ளே இழுத்துவிட வேண்டும். 74 நாளில் சோஸின் வீரியம் பாதியாகிவிடும் என்பதால் சில மாதத்துக்கொரு தடவை புதிது வருமாம். புதிது வந்தால் படம் சீக்கிரம் விழும், வேலை கெதியாக முடியும் என்று எனக்கு எழுதியிருந்தார். அப்போது அதை நான் சந்தோஷமான செய்தியாகத்தான் வாசித்தேன்.

சட்டைப் பையில் ஒரு பட்ஜ் குத்தியிருப்பார்கள். அவருடைய பட்ஜ் ஒன்று என்னிடம் இருக்கிறது. 1991இல் லீவில் வந்தபோது தவறுதலாகச் சட்டையோடு வந்துவிட்டது. தீப்பெட்டி அளவு, கறுப்புப் பிளாஸ்டிக், பின்னால் ஊக்கு. முன்பக்கத்தில் சின்ன ஜன்னல் மாதிரித் திறந்த ஒரு இடம், அதன் அருகே தடித்த பிளாஸ்டிக், தகரம், ஈயம் என்று ஒவ்வொரு சதுரம். உள்ளே பிலிம். எந்தச் சதுரத்தின் கீழே பிலிம் எவ்வளவு கறுத்திருக்கிறது என்று பார்த்து, எந்த வகைக் கதிர் எவ்வளவு உடம்பில் பட்டது என்று கணிப்பார்கள். மாதம் ஒரு பிலிம். லீவு மாதங்களைக் கழித்துப் பார்த்தாலும் ஒன்பது வருடத்தில் நூறு பிலிமாவது அவர் குத்தியிருப்பார். கொம்பனி அவற்றைச் சேகரித்து எங்கேயோ அனுப்பும். அந்த நூறில் ஒன்றின் கணக்கைக்கூட அவருக்கு எவரும் சொன்னதில்லை. கேட்டால் “ஓகே, நோர்மல்” என்பார்களாம்.

அந்தக் காலத்தில் வளைகுடாவில் இருந்தவர்கள் கடிதத்தோடு கசற்றும் அனுப்புவார்கள். அப்படி வந்ததில் ஒன்று இன்னும் பாடுகிறது. பிள்ளைகளின் படிப்பு, ஆச்சியின் கண், வயல் குத்தகை எல்லாம் விசாரித்துவிட்டு, நடுவில் ஒரு இரவைப் பற்றிச் சொல்கிறார். கதிர்வீச்சை அளக்கிற மீட்டருக்கு பற்றரி இல்லை, வேலையை நிறுத்த வேண்டாம் என்று மேலே சொல்லிவிட்டார்கள், நாலு வெல்டிங் படம் பிடித்தோம், பிலிம் மாற்ற நாலு தடவையும் குழாய்க்குக் கிட்டப் போனோம். அதற்குப் பிறகு அவர் குரலில் அப்படியே வருகிறது: “மறுகாதான் தெரிஞ்ச, சோஸ் உள்ளுக்கு வரல்ல எண்டு. ஆருக்கும் சொல்லாத, அம்மா பயந்து போவா.” சிரித்துக்கொண்டுதான் சொல்கிறார். அந்த நிகழ்வை எந்தப் புத்தகத்திலும் பதியவில்லை என்பதை நோயில் படுத்த பிறகுதான் எனக்குச் சொன்னார்.

2004 டிசம்பர் 26 கடல் வந்தபோது கல்லடியில் எங்கள் வீட்டில் அலுமாரியோடு எல்லாம் போயிற்று. ஒப்பந்தப் பத்திரம், சம்பளச் சீட்டுகள், வான்கடிதங்கள், பழைய கடவுச்சீட்டு, எங்கள் விவாகச் சான்றிதழ், எதுவும் மிஞ்சவில்லை. பட்ஜும் சில கசற்றுகளும் படுவான்கரையில் அம்மா வீட்டில் ஒரு பிஸ்கட் டின்னுக்குள் கிடந்ததால் தப்பின. அடுத்த வருடம் இவருக்குக் களைப்பு. சுனாமியின் கவலை என்றார்கள். இடது விலாவின் கீழே கல் வைத்தது போலக் கனக்கிறது என்றார். இரத்தம் பார்த்ததில் வெள்ளை அணுக்கள் கட்டுமீறி இருந்தன. மகரகமை புற்றுநோய் ஆஸ்பத்திரிக்குப் போனோம். இரத்தப் புற்றுநோய், அதிலும் சி.எம்.எல். என்ற வகை. யுத்தம் திரும்பவும் மூண்ட காலம். கிளினிக் நாளுக்கு ஒருநாள் முந்தியே புறப்பட்டு, ஒவ்வொரு சோதனைச் சாவடியிலும் நோயாளியை இறக்கி ஏற்றிக்கொண்டு போனோம். 2008இல் காலமானார். 54 வயது.

நட்டஈட்டுக்கு நாங்கள் எழுதத் தொடங்கியது அவர் இருக்கும்போதே, 2007இல். கொம்பனிக்கு எழுதினோம். அது வேறொரு கொம்பனியோடு சேர்ந்துவிட்டதாம், பத்து வருடத்துக்கு முந்திய பட்ஜ் கணக்குகளை வைத்திருப்பதில்லையாம். கொழும்பில் ஒரு அலுவலகத்துக்குப் போனோம். காப்புறுதி என்பது வெளிநாட்டில் இருக்கும் காலத்துக்குத்தான், நாடு திரும்பிப் பன்னிரண்டு வருடம் கழித்து வந்த நோய்க்கு இல்லை என்றார்கள். இன்னொரு மேசையில், அவர் வேலை செய்ததற்கு ஆதாரம் கேட்டார்கள். சுனாமி என்றேன். “எல்லோரும் அதைத்தான் சொல்கிறார்கள் அம்மா” என்றார் அந்த உத்தியோகத்தர். வேறொருவர் கொஞ்சம் அன்பாகப் பேசினார். “டோஸ் றெக்கோட் இருந்தால் கொண்டு வாருங்கள், பார்க்கலாம்” என்றார். டோஸ் என்றால் உடம்பில் பட்ட கதிர்வீச்சின் அளவு. கணக்கை வைத்திருந்தவன் தொலைத்துவிட்டான், அதைக் கொண்டுவர வேண்டியது நான். பட்ஜை மேசையில் வைத்தேன். திருப்பித் திருப்பிப் பார்த்துவிட்டுத் தந்தார். இத்தனை வருடம் கிடந்த பிலிமில் இனி ஒன்றும் வாசிக்க முடியாது என்பது எனக்கும் தெரியும்.

இது எங்களைப் போன்ற ஏழை நாட்டுக்காரருக்கு மட்டும் நடக்கிறது என்றுதான் வெகுகாலம் நினைத்திருந்தேன். கடந்த ஆடியில் என் பெறாமகன் மாமாங்கத் தீர்த்தத்துக்கு வந்திருந்தான். அமெரிக்காவில் வாஷிங்டன் மாநிலத்தில் வீடு வீடாகப் போய் நோயாளிகளைப் பராமரிக்கிற தாதி வேலை. அவனுடைய நோயாளிகளில் பலர் ஹான்போர்ட்டில் வேலை செய்த முதியவர்கள். கொலம்பியா ஆற்றங்கரையில் 1943இல் இரகசியமாகத் தொடங்கிய தளம் அது. நாகசாகியில் போட்ட குண்டுக்குப் புளுட்டோனியம் அங்கேதான் எடுத்தார்கள். “பெரியம்மா, அங்கயும் ஒவ்வொரு வீட்டிலயும் ஒரு கடுதாசிப் பெட்டி இருக்கு” என்றான். அதன் பிறகு நான் அவனை விடவில்லை. சட்டத்தை வாசிக்கச் சொன்னேன், அனுப்பச் சொன்னேன், அகராதியோடு உட்கார்ந்தேன். நான் கணிதம் படிப்பித்தவள். அந்தச் சட்டத்தின் நடுவில் இருப்பது கணிதம்தான்.

அமெரிக்க அரசு தன் அணு ஆயுதத் தொழிலாளர் நோயாளியாகிறார்கள் என்பதைப் பல தசாப்தங்களாக ஒத்துக்கொள்ளவில்லை. வழக்குப் போட்டவர்களை அரசாங்கப் பணத்திலேயே எதிர்த்து வாதாடினார்கள். 2000ஆம் ஆண்டு ஒக்டோபரில்தான் ஜனாதிபதி கிளின்டன் நட்டஈட்டுச் சட்டத்தில் கையெழுத்திட்டார். அடுத்த வருடம் ஜூலை முடிவில் அது நடைமுறைக்கு வந்தது. கதிர்வீச்சால் புற்றுநோய் வந்தவருக்கும், பெரிலியம் என்ற உலோகத்தின் தூசியால் நுரையீரல் கெட்டவருக்கும் ஒன்றரை இலட்சம் டொலரும் மருத்துவச் செலவும். நச்சு இரசாயனங்களால் வந்த நோய்களுக்கு இன்னொரு பகுதி இருந்தது. அதை முதலில் ஒப்படைத்தது எரிசக்தித் திணைக்களத்திடம், அதாவது அந்தத் தொழிற்சாலைகளின் சொந்தக்காரரிடமே. ஆயிரக்கணக்கான மனுக்கள் அசையாமல் கிடந்தன. 2004இல் அதைப் பறித்துத் தொழில் திணைக்களத்திடம் கொடுத்தார்கள். அந்தப் பகுதியில் உச்சம் இரண்டரை இலட்சம் டொலர்.

தொகையைப் பார்த்தால் நமக்குத் தலை சுற்றும். ஆனால் கையில் கிடைக்கும் வழியைப் பாருங்கள். புற்றுநோய்க்கு மனுப் போட்டவரின் உடம்பில் எவ்வளவு கதிர்வீச்சு பட்டிருக்கும் என்று ஒரு அரச நிறுவனம் பழைய பட்ஜ் கணக்குகள், சிறுநீர்ப் பரிசோதனைகள், தொழிற்சாலைப் பதிவுகளைக் கொண்டு திருப்பிக் கட்டியெழுப்பும். தொழிலாளியைத் தொலைபேசியில் அழைத்து விசாரிப்பார்கள். அவர் இறந்திருந்தால் மனைவியை அழைப்பார்கள். எந்தக் கட்டடத்தில் வேலை, என்ன பொருளைத் தொட்டார், விபத்து ஏதும் நடந்ததா? இரகசியம் காப்பேன் என்று சத்தியம் பண்ணி வேலைக்குச் சேர்ந்தவர்கள் அவர்கள். வீட்டில் வாய் திறந்ததில்லை. மனைவிக்கு என்ன தெரியும்? இதை வாசித்தபோது பெறாமகனிடம் சொன்னேன், என்னிடம் ஒரு கசற்றாவது இருக்கிறது என்று. அந்த அம்மாமாருக்கு அதுவும் இல்லை.

அந்தக் கணக்கிலிருந்து, இந்த நோய் இந்த வேலையால் வந்திருக்க எவ்வளவு நிகழ்தகவு என்று பார்ப்பார்கள். 50 சதவீதமோ அதற்கு மேலோ வந்தால் பணம். 49.9 வந்தால் ஒரு சதமும் இல்லை. இதைக் கொஞ்சம் விளக்க விடுங்கள். ஒரே வயது, ஒரே பழக்கவழக்கம், ஒரே அளவு கதிர்வீச்சு, ஒரே நோய் உள்ள 100 பேர் என்று வைத்துக்கொள்வோம். கதிர்வீச்சே பட்டிருக்காவிட்டாலும் அதில் 60 பேருக்கு இந்த நோய் வந்திருக்கும், மிச்சம் 40 பேருக்கு வேலையால் வந்தது என்று கொள்வோம். அந்த 40 பேர் யார் என்று உலகத்தில் எந்த வைத்தியராலும் சுட்டிக்காட்ட முடியாது. நோய்க்கட்டியில் முத்திரை குத்தியிருக்காது. ஆகவே 100 பேருக்கும் ஆளுக்கு 40 சதவீதம் என்று எழுதுவார்கள். 50 வேண்டும் என்ற விதியின்படி 100 பேரும் வெறுங்கையோடு போக வேண்டியதுதான். வேலை கொடுத்த நோயோடு 40 பேர் அந்தக் கூட்டத்துக்குள் நிற்கிறார்கள் என்று எல்லோருக்கும் தெரியும். தெரிந்தும் அப்படித்தான். வகுப்பில் ஒரு பிள்ளை இந்தக் கணக்கை இப்படிச் செய்திருந்தால் விடை பிழை என்று கோடு போட்டிருப்பேன்.

நியாயமாக ஒன்றைச் சொல்ல வேண்டும். அந்த 50ஐப் பார்க்கும்போது நடுப்பெறுமானத்தை அவர்கள் எடுப்பதில்லை. கணிப்பில் உள்ள நிச்சயமின்மை எல்லாவற்றையும் சேர்த்து, ஆகக்கூடினால் எவ்வளவு இருக்கலாம் என்று 99 சதவீத மேல் எல்லையில் எடுக்கிறார்கள். சந்தேகத்தின் பலன் தொழிலாளிக்கு என்று சட்டம் போட்டவர்கள் யோசித்திருக்கிறார்கள். அது நல்ல விஷயம்தான். ஆனால் அதற்குள்ளே போடுகிற டோஸ் கணக்கே இல்லாவிட்டால், அல்லது அரைகுறையாக இருந்தால், மேல் எல்லையை எதன்மேல் கட்டுவது?

அதற்கும் ஒரு வழி வைத்திருக்கிறார்கள். கணக்கைத் திருப்பிக் கட்டவே முடியாத தளங்களில் குறிப்பிட்ட காலத்தில் வேலை செய்தவர்களை ஒரு விசேட தொகுதியாக அறிவிக்கலாம். பெரும்பாலும் 250 நாள் அங்கே வேலை செய்திருந்து, பட்டியலில் உள்ள 22 வகைப் புற்றுநோய்களில் ஒன்று வந்திருந்தால் போதும், டோஸ் கேட்க மாட்டார்கள். கென்டக்கியில் படூக்கா, ஒஹாயோவில் போர்ட்ஸ்மவுத், டென்னசியில் ஓக் றிட்ஜ் ஆகிய யுரேனியம் செறிவூட்டும் ஆலைகளையும், நிலத்தின் கீழ் அணுகுண்டு வெடித்துப் பார்த்த அம்சிட்கா தீவையும் சட்டத்திலேயே சேர்த்துவிட்டார்கள். மற்றத் தளத்துக்காரர் மனுப் போட்டு, அறிக்கைகளோடு மல்லுக்கட்டி, பல வருடம் காத்திருந்துதான் உள்ளே போக வேண்டும். காத்திருப்பவர்கள் நோயாளிகள் என்பதை மறக்கக்கூடாது. பட்டியலும் கண்ணை மூடிக்கொண்டு வெட்டிய கோடு மாதிரித்தான். பக்கத்துப் பக்கத்தில் நின்று வேலை செய்த இருவரில் ஒருவருக்கு நுரையீரலில் வந்தால் பட்டியலில் உண்டு, மற்றவருக்குப் புரோஸ்டேட்டில் வந்தால் இல்லை. அவர் டோஸ் கணக்குக்குத் திரும்பிப் போக வேண்டும், எந்தக் கணக்கு இல்லையென்று அரசே ஒத்துக்கொண்டதோ அந்தக் கணக்குக்கு. இரத்தப் புற்றுநோயிலும் சி.எல்.எல். என்ற வகைக்கு நிகழ்தகவு பூச்சியம் என்றே 2012 வரை வைத்திருந்தார்கள். பிறகு மாற்றினார்கள். இடையில் இறந்தவர்களை நினைத்துப் பார்த்தேன். என் கணவரின் டயக்னோசிஸ் காட்டில் எந்த வகை என்று மகரகமை வைத்தியர் தெளிவாக எழுதியிருந்தார், எவ்வளவு பெரிய உதவி அது என்று அன்றைக்குத்தான் விளங்கியது. இதை வாசிக்கிற நோயாளிகளுக்கும் சொல்கிறேன், வகையை முழுப் பெயரோடு எழுதி வாங்குங்கள்.

ஒப்பந்தக்காரரின் கீழ் வேலை செய்தவர் பாடு அங்கேயும் மோசம்தான். தளத்தில் குழாய் பொருத்தினவர், பெயின்ற் அடித்தவர், கூரை போட்டவர் எல்லாம் ஒரு தளத்திலிருந்து இன்னொன்றுக்கு அலைகிறவர்கள். ஒப்பந்தக்காரர் கடையை மூடிவிட்டுப் போயிருப்பார். அந்த வேலிக்குள் நான் நின்றேன் என்று முதலில் நிரூபித்தால்தான் நோயைப் பற்றியே பேசலாம்.

என்னை அதிகம் தொட்டது யுரேனியச் சுரங்கத்தில் வேலை செய்த நவாஹோ பழங்குடிக்காரரின் கதை. அவர்களுக்காக 1990இல் வேறொரு சட்டம் வந்தது. சுரங்கத் தொழிலாளிக்கு ஒரு இலட்சம் டொலர். கைம்பெண்கள் போனால் விவாகச் சான்றிதழ் கேட்டார்கள். பெரியவர்கள் முன்னால் தங்கள் மரபுப்படி திருமணம் முடித்தவர்களிடம் ஏது கடுதாசி? 2000ஆம் ஆண்டில் சட்டத்தைத் திருத்தி, பழங்குடியினரின் சொந்தச் சட்டப்படி திருமணம் செல்லுபடியானால் போதும் என்றார்கள். பத்து வருடம்! எனக்காவது கச்சேரியில் பதிவு இருந்தது, பிரதி எடுத்தேன். எங்கள் பக்கத்தில் கோயிலில் தாலி கட்டிப் பதியாமல் விட்டவர்கள் எத்தனை பேர், சூறாவளியிலும் இடம்பெயர்விலும் சுனாமியிலும் கடுதாசியைத் தொலைத்தவர்கள் எத்தனை பேர் என்று இந்தப் பத்திரிகை வாசகர்களுக்கு நான் சொல்லத் தேவையில்லை. அந்தச் சுரங்கச் சட்டம் 2024 ஜூனில் காலாவதியாகிப் போனது. 2025 ஜூலையில் திரும்பக் கொண்டுவந்தார்கள். நடுவில் ஒரு வருடத்துக்கு மேல் புதிதாக ஒருவர் மனுவையும் எடுக்கவில்லை. இறப்பருகில் இருப்பவனுக்கு ஒரு வருடம் எவ்வளவு நீளம்!

எல்லா நாடும் இப்படி 50இல் கத்தி வைப்பதில்லை. பிரித்தானியாவில் அணுத் தொழிற்துறையும் தொழிற்சங்கங்களும் 1982இல் சேர்ந்து ஏற்படுத்திய நட்டஈட்டுத் திட்டத்தில் 20 சதவீதத்தைத் தாண்டினாலே ஒரு பங்கு கொடுக்கிறார்கள், நிகழ்தகவு ஏற ஏறப் பங்கும் ஏறும். என் உதாரணத்து 100 பேரும் அங்கே ஏதோ ஒன்று பெறுவார்கள். ஜப்பானில் இரத்தப் புற்றுநோய்க்கு விதி இன்னும் எளிது. வேலை செய்த வருடங்களை 5 மில்லிசீவேட்டால் (டோஸை அளக்கும் அலகு அது) பெருக்கி, அந்த அளவுக்கு மேல் பட்டிருந்து, முதன்முதலில் கதிர்வீச்சு பட்டு ஒரு வருடத்துக்குப் பிறகு நோய் வந்திருந்தால் தொழில்நோயாக ஏற்றுக்கொள்வார்கள். 2015 ஒக்டோபரில் புக்குஷிமா அணுநிலையத்தில் விபத்துக்குப் பிறகு வேலை செய்த ஒருவருக்கு அப்படித்தான் கொடுத்தார்கள். அவர் வாழ்நாளில் வாங்கிய டோஸ் மொத்தம் 20 மில்லிசீவேட்டுக்குச் சற்றுக் குறைவு. வேலைதான் நோய்க்குக் காரணம் என்று விஞ்ஞானரீதியாக நிறுவிவிட்டதாகச் சொல்ல முடியாது, ஆனாலும் தொழிலாளர் பாதுகாப்பு என்ற நோக்கில் கொடுக்கிறோம் என்றது அந்நாட்டு அமைச்சு. அந்த ஒரு வசனத்தை நான் ஒரு காகிதத்தில் எழுதி மேசைக் கண்ணாடியின் கீழே வைத்திருக்கிறேன்.

ஜப்பான் விதிப்படி என் கணவருக்குப் பார்த்தால் ஒன்பது வருடத்துக்கு 45 மில்லிசீவேட். அவர் அதைத் தாண்டினாரா? சோஸ் வெளியே நின்ற அந்த இரவு மட்டும் எவ்வளவு வரும்? பெருக்கல் எனக்குத் தெரியும். பெருக்குவதற்கு எண் இல்லை.

அந்த எண் இருந்திருக்க வேண்டும். சர்வதேச அணுசக்தி முகமையின் அடிப்படைப் பாதுகாப்பு நியமங்களில் இது எழுதியே இருக்கிறது: தொழிலாளியின் டோஸ் பதிவை அவருக்கு 75 வயது ஆகும்வரை, அல்லது இருந்திருந்தால் ஆகியிருக்கும்வரை வைத்திருக்க வேண்டும், வேலையை விட்டு 30 வருடமாவது வைத்திருக்க வேண்டும். என் கணவர் 1954இல் பிறந்தவர். இருந்திருந்தால் 75 வயது 2029இல். இன்றைக்கும் அந்தப் பதிவு ஓரிடத்தில் இருக்க வேண்டும். பத்து வருடத்தில் எறிந்துவிட்டோம் என்று ஒரு கடிதத்தில் இரண்டு வரி எழுதி முடித்துவிட்டார்கள்.

அதனால் நான் கேட்பது பெரிய கட்டடமோ புதிய திணைக்களமோ இல்லை. 2014ஆம் ஆண்டின் 40ஆம் இலக்க அணுசக்திச் சட்டத்தின் கீழ் நமக்கு ஒரு அணுசக்தி ஒழுங்குபடுத்தல் பேரவை இருக்கிறது. வெளிநாட்டு வேலைவாய்ப்புப் பணியகம் 1985இலிருந்து இருக்கிறது. கதிர்வீச்சு வேலைக்கென்று இங்கிருந்து புறப்படுகிற ஒவ்வொருவருடைய பெயரையும் இந்த இரண்டும் சேர்ந்து ஒரு பதிவேட்டில் எழுதட்டும். ஒப்பந்தம் முடிந்து வரும்போது டோஸ் கணக்கின் பிரதியைக் கொம்பனி கொடுத்தே தீர வேண்டும் என்பதை ஒப்பந்தப் பத்திரத்திலேயே போடட்டும். ஐரோப்பாவில் ஒப்பந்தக்காரரின் கீழ் அணுநிலையங்களுக்குப் போகிற வெளித் தொழிலாளர் ஒவ்வொருவருக்கும் தனிக் கதிர்வீச்சு ஆவணமோ நாட்டளவிலான பதிவோ இருக்க வேண்டும் என்று 1990லேயே விதி செய்திருக்கிறார்கள். நம் ஊரில் நீரிழிவு நோயாளி தன் கிளினிக் கொப்பியைப் பையில் வைத்துக்கொண்டு திரிகிறார், எந்த ஆஸ்பத்திரிக்குப் போனாலும் அதை நீட்டுகிறார். அப்படி ஒரு கொப்பி போதும். கொப்பி தொழிலாளியின் கையில் இருக்கட்டும். இங்கே ஆஸ்பத்திரிகளிலும் தொழிற்சாலைகளிலும் கதிர்வீச்சோடு வேலை செய்கிறவர்களுக்கும் அதையே கொடுக்கலாம்.

அணுமின் நிலையம் கட்டுவதாக இருந்தால், முதல் தொழிலாளி உள்ளே காலடி வைக்க முன்னரே நட்டஈட்டுச் சட்டம் எழுதியிருக்க வேண்டும். அமெரிக்காவைப் போல அரை நூற்றாண்டு கழித்து எழுதக்கூடாது. கணக்கை வைத்திருக்கும் பொறுப்பு யாருக்கோ, அது தொலைந்தால் நட்டமும் அவருக்கே என்று அதில் ஒரு வரி வேண்டும். கணக்கு இல்லையென்றால் தொழிலாளி சொல்வதை எடுத்துக்கொள்ள வேண்டும். 50இல் வெட்டாமல் பிரித்தானியாவைப் போல் பங்கு போட்டுக் கொடுக்க வேண்டும். திட்டத்தை நடத்தும் அமைச்சின் கையில் மனுக்களைக் கொடுக்கவே கூடாது.

எனக்குப் பணம் வேண்டாம். பிள்ளைகள் பார்க்கிறார்கள், பென்சன் வருகிறது. ஆனால் இவருக்குப் பிறகும் எங்கள் பகுதியிலிருந்து பையன்கள் இதே வேலைக்குப் போயிருக்கிறார்கள், இப்போதும் போகிறார்கள். போன கிழமை ஆரையம்பதியில் ஒரு திருமண வீட்டில் ஒரு தம்பியைச் சந்தித்தேன், லீவில் வந்தவர். பட்ஜ் இருக்கிறதா என்று கேட்டேன். “அது கொம்பனியில அன்ரி, எங்களுக்கு ஏன்?” என்றார். பந்தி முடியும்வரை அவரை எழும்ப விடாமல் வைத்துப் பேசினேன். திரும்பிப் போனதும் தன் பட்ஜ் இலக்கத்தையும் மாதாந்தக் கணக்கையும் கேட்டு எழுத்தில் வாங்கி, போனில் படம் எடுத்து வீட்டுக்கு அனுப்புவதாகச் சொல்லியிருக்கிறார்.

மட்டக்களப்பு, அம்பாறை மாவட்டங்களில் குழாய் எக்ஸ்றே வேலை செய்தவர்கள், செய்கிறவர்கள், அவர்களுடைய மனைவிமார், பிள்ளைகள் யாராவது இதை வாசித்தால் தயவுசெய்து இந்தப் பத்திரிகை மூலமாக எனக்கு எழுதுங்கள். எந்த நாடு, எந்த வருடம் முதல் எந்த வருடம் வரை, பட்ஜ் இலக்கம் தெரிந்தால் அதுவும், கூட வேலை செய்த இருவர் பெயரும். ஒரு சி.ஆர். கொப்பியில் எழுதிக்கொண்டு வருகிறேன். இதுவரை பதினொரு பேர். கல்முனையில் இருவர், அக்கரைப்பற்றில் ஒருவர், மிச்சப் பேர் இந்தப் பக்கம். முதல் பக்கத்தில் இவருடைய பெயர் இருக்கிறது, டோஸ் என்ற நிரலை வெறுமையாக விட்டிருக்கிறேன்.

ஓய்வுபெற்ற கணித ஆசிரியை,
கல்லடி, மட்டக்களப்பு.
(பெயரும் முகவரியும் ஆசிரியருக்குத் தனியாக அனுப்பியுள்ளேன்.)